வீட்டுச் சுவரில் கடந்தைக் கூடு: என்ன செய்யலாம்?

மதுரை மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு மாடி வீடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். தாவணி என்றால் மாட்டுச்சந்தை. ஒரு காலத்தில் மாடுகள் விற்பனையான இடமாதலால் அப்பெயர் வந்தது. இன்று அங்கே பேருந்து நிலையம், பூச்சந்தை, காய்கறிச் சந்தை எல்லாம் இருக்கின்றன. சற்றுத் தள்ளி வண்டியூர்க் கண்மாய். மேலூர்ச் சாலையில் போனால் ஒத்தக்கடை, யானைமலை, வயல்வெளிகள். நகரமும் கிராமமும் கலந்த இப்பகுதியில் பூச்சிகளுக்குக் குறைவே இல்லை.

ஒருநாள் காலை, அந்த வீட்டு மாடிச் சன்னலுக்கு மேல், சன்ஷேடின் அடியில் ஒரு கூடு கண்ணில் படுகிறது. பூச்சிகள் வருவதும் போவதுமாக இருக்கின்றன. உடனே வீட்டில் ஒரு மாநாடே கூடிவிடுகிறது. "குளவி கூடு கட்டினால் வீட்டுக்கு நல்லது, கலைக்காதே" என்கிறார் பாட்டி. "கம்பில் துணி சுற்றி, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்திவிடலாம்" என்கிறார் மாமா. "தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள்" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். "மருந்து அடித்தால் போதும்" என்கிறார் கடைக்காரர்.

மாணவர்களே, இவர்களில் யார் சொல்வது சரி? கூடு எந்தப் பூச்சியினுடையது என்று தெரியாதவரை இதற்கு விடை கூற முடியாது. ஒரு கூட்டைத் தொடாமல் விடுவதே அறிவு. இன்னொரு கூட்டை அப்படியே விட்டால் உயிருக்கு ஆபத்து. முடிவெடுக்கும் முன் நான்கு கேள்விகளுக்கு விடை காண வேண்டும். ஒவ்வொன்றாகப் பார்ப்போமா?

முதல் கேள்வி: இது யாருடைய கூடு?

நம் வீடுகளில் சாதாரணமாகக் காணப்படும் கூடுகள் நான்கு வகை. குறைந்தது பத்தடி தள்ளி நின்றோ, மூடிய சன்னலுக்குப் பின்னால் இருந்தோ பார்த்தாலே வேறுபாடு தெரிந்துவிடும்.

*1. மண் கூடு.* சுவர் மூலையிலோ சன்னல் சட்டத்திலோ ஈர மண்ணைப் பிசைந்து அப்பியதுபோல் இருக்கும். இது தனித்து வாழும் குளவியின் வேலை. வேட்டுவன் என்றும் இதைச் சொல்வதுண்டு. குளவி கொட்டக் கொட்டப் புழுவே குளவியாக மாறிவிடும் என்று நம் முன்னோர் நம்பினர். உண்மையில் நடப்பது வேறு. தாய்க்குளவி பச்சைப்புழுவையோ சிலந்தியையோ கொட்டி, சாகடிக்காமல் அசையாதபடி மட்டும் செய்து, கூட்டில் வைத்து முட்டையிட்டு மூடிவிடுகிறது. முட்டையிலிருந்து வரும் குளவிப்புழு அந்த இரையைத் தின்று வளர்ந்து, குளவியாகி, மண்ணைத் துளைத்து வெளியே வருகிறது. உள்ளே போனது புழு, வெளியே வந்தது குளவி என்று பார்த்தவர்களுக்குத் தோன்றியதில் வியப்பில்லை. இக்குளவிக்குப் படை கிடையாது. கையில் பிடித்தால் ஒழிய, பெரும்பாலும் கொட்டுவதில்லை. பாட்டி சொன்னது இந்தக் கூட்டுக்கு முற்றிலும் பொருந்தும்.

*2. திறந்த காகிதக் கூடு.* மெல்லிய காம்பில் தொங்கும் சாம்பல் நிற அடை. அறுகோண அறைகள் வெளியே தெரியும். சுற்றிலும் உறை இல்லை. அதன்மேல் ஒல்லியான சிறு குளவிகள் பத்து இருபது உட்கார்ந்திருக்கும். இவற்றுள் ரோபாலிடியா மார்ஜினேட்டா என்னும் இனம் தென்னிந்திய வீடுகளில் மிகச் சாதாரணம்.

இந்தச் சாதாரணக் குளவி உலகப் புகழ் பெற்ற கதையைக் கேளுங்கள். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த இராகவேந்திர கடக்கர் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்தது இதைத்தான். ஒவ்வொரு குளவியின் உடலிலும் வண்ணப் பொட்டு வைத்து, அது என்ன செய்கிறது என்று அவரும் அவர் மாணவர்களும் மணிக்கணக்கில் குறித்தனர். இக்கூட்டில் இராணியும் வேலைக்காரியும் உருவத்தில் ஒன்றுபோலவே இருக்கும். இராணி அடாவடி செய்வதில்லை, அமைதியாகவே இருக்கும். அதை அகற்றிவிட்டால் வேலைக்காரிகளில் ஒன்று திடீரென்று சீற்றம் கொண்டு மற்றவற்றை அதட்டத் தொடங்கும். பிறகு படிப்படியாகச் சாந்தமடைந்து, ஒரு வாரம் போலக் கழித்து முட்டையிட ஆரம்பித்துவிடும். அதுவே புதிய இராணி! இந்த ஆய்வுகளைத் தொகுத்து 2001-இல் அவர் ஒரு பெரிய நூலும் வெளியிட்டார். துடைப்பத்தால் தட்டிவிட நினைக்கும் கூட்டுக்குள் இவ்வளவு பாடம் இருக்கிறது.

*3. மூடிய காகிதக் கூடு.* இதுதான் கடந்தையின் கூடு. தென்மாவட்டங்களில் பலர் கடந்தை என்பர். காவிரிப் பக்கம் கதண்டு, கதம்ப வண்டு என்பர். செய்தித்தாள்களில் 'விஷ வண்டு' என்று வரும். ஆனால் இது வண்டே அல்ல. வண்டுக்கு முன் இறக்கை கெட்டியான மூடிபோல் இருக்கும். கடந்தைக்கோ நான்கும் மெல்லிய சவ்வு இறக்கைகள். எறும்பு, தேனீ, குளவி ஆகியவற்றின் வரிசையைச் சேர்ந்த பெரிய குளவி இது. நீளம் 2 முதல் 3 செ.மீ.; கரிய உடல்; வயிற்றில் அகலமான மஞ்சள் அல்லது ஆரஞ்சுப் பட்டை. வெஸ்பா அஃபினிஸ், வெஸ்பா ட்ராபிகா என்னும் இரண்டு இனங்கள் நம் பக்கம் உள்ளன. முன்னது மரக்கிளையிலும் புதரிலும் கூரை இறவாணத்திலும் திறந்த இடத்தில் கூடு கட்டும். பின்னது பொந்துகளையும் இடுக்குகளையும் மிகவும் விரும்பும்.

கூடு பூசணிக்காய்போல் உருண்டோ பானைபோல் நீண்டோ இருக்கும். மேலே பழுப்பும் வெளுப்புமாக வரிவரியான காகித உறை. அறைகள் வெளியே தெரியா. பக்கவாட்டிலோ அடியிலோ ஒரு வாசல். அதில் காவலுக்குத் தலைகள் எட்டிப் பார்க்கும்.

ஒன்றைக் கவனியுங்கள். வெஸ்பா ட்ராபிகா, நாம் மேலே பார்த்த சிறு குளவிகளின் கூட்டைக் கொள்ளையடித்துப் புழுக்களைத் தூக்கிச் செல்லும் வழக்கம் உடையது. திறந்த கூட்டில் ஒரு பெரிய கடந்தை உட்கார்ந்திருப்பதைக் கண்டு, "ஐயோ, கடந்தைக் கூடு!" என்று அலறிவிடக் கூடாது. அது அங்கே வீட்டுக்காரன் அல்ல, திருடன்.

*4. மெழுகு அடை.* உயரமான கட்டடத்திலோ தண்ணீர்த் தொட்டியின் அடியிலோ அரைவட்டமாகத் தொங்கும் பெரிய ஒற்றை அடை. மேலே போர்வைபோல் தேனீக்கள் மொய்த்திருக்கும். இது மலைத்தேனீ, அதாவது ஏபிஸ் டார்சேட்டா. சீண்டினால் கடந்தைக்குச் சற்றும் குறையாத ஆபத்து. ஆனால் இது பருவத்துக்குப் பருவம் இடம் மாறும் இனம். தொந்தரவு இல்லாவிட்டால் சில மாதங்களில் தானே கிளம்பிவிடும்.

மரத்திலிருந்து காகிதம்

கடந்தைக் கூடு காகிதத்தால் ஆனது என்றோம். இக்காகிதம் எங்கிருந்து வந்தது? கடந்தை காய்ந்த மரத்தையும் மூங்கிலையும் தாடையால் சுரண்டுகிறது. எச்சில் கலந்து மென்று கூழாக்குகிறது. அதை விளிம்பில் மெல்லிய பட்டையாக இழுத்து ஒட்டுகிறது. காய்ந்ததும் காகிதம். ஐரோப்பாவில் கந்தல் துணியிலிருந்து காகிதம் செய்துகொண்டிருந்த காலத்தில், 1719-இல், பிரெஞ்சு விஞ்ஞானி ரெயோமூர் இதைச் சுட்டிக்காட்டினார். குளவி மரத்திலிருந்தே காகிதம் செய்யும்போது மனிதன் ஏன் செய்ய முடியாது என்பதே அவர் எண்ணம். இன்று நீங்கள் எழுதும் காகிதத்தில் பெரும்பகுதி தாவர நார்க்கூழிலிருந்து வருகிறது.

உறை பல அடுக்காக இருப்பதற்கும் காரணம் உண்டு. அடுக்குகளுக்கு இடையில் சிக்கிய காற்று, மதுரையின் சித்திரை வெயில் உள்ளே இறங்காமல் தடுக்கிறது. அதையும் மீறிச் சூடேறினால் கடந்தைகள் தண்ணீர் கொண்டுவந்து தெளித்து, வாசலில் நின்று இறக்கையால் விசிறுகின்றன.

கூட்டை முதலில் தொடங்குவது ஒரே ஓர் இராணிதான். எலுமிச்சை அளவில் சிறு கூடு கட்டி, முட்டையிட்டு, தானே இரை தேடி வளர்க்கிறது. ஏறத்தாழ ஒரு மாதத்தில் முதல் வேலைக்காரிகள் வெளிவருகின்றன. அதன்பின் இராணி முட்டையிடும் வேலையை மட்டும் செய்கிறது. கூடு வேகமாகப் பெரிதாகிறது. கூட்டம் நூற்றுக்கணக்கில் பெருகுகிறது. இறுதியில் புதிய இராணிகளும் ஆண்களும் வெளியேறியதும் பழைய கூட்டம் அழிந்துபோகிறது. கைவிட்ட கூட்டில் பொதுவாக மறுபடி குடியேறுவதில்லை.

இவை எதைத் தின்கின்றன? வளர்ந்த கடந்தைக்குத் திரவ உணவே ஏற்றது: பழச்சாறு, மலர்த்தேன், மரச்சாறு. புழுக்களுக்குத்தான் மாமிசம். அதற்காக ஈ, கம்பளிப்புழு, வெட்டுக்கிளி என்று பிடித்து மென்று ஊட்டுகின்றன. உழவருக்கு இது நன்மை. தேனீக்களையும் விட்டுவைப்பதில்லை, தேனீ வளர்ப்போருக்கு இது தீமை.

கொடுக்கு ஏன் இவ்வளவு கொடியது?

கொடுக்கு என்பது முட்டையிடும் உறுப்பு மாறி அமைந்த ஆயுதம். ஆகவே பெண் பூச்சி மட்டுமே கொட்டும். தேனீயின் கொடுக்கில் பெரிய முட்கள் இருப்பதால் நம் தோலில் மாட்டிக்கொள்ளும், தேனீ இறந்துவிடும். கடந்தையின் கொடுக்கு வழுவழுப்பானது. ஊசிபோல் குத்தி எடுத்து மறுபடி மறுபடி கொட்டும்.

நஞ்சில் பல பொருள்கள் உள்ளன. சில வலி உண்டாக்கும். சில தசையையும் இரத்த அணுக்களையும் சிதைக்கும். மாஸ்டோபரான் என்பது நம் உடல் செல்களிலிருந்து ஹிஸ்டமின் என்ற பொருளை வெளியேற்றி வீக்கம் ஏற்படுத்தும். பல கொட்டுகள் பட்டால், சிதைந்த தசைப் பொருள்கள் சிறுநீரகத்தில் அடைத்து அதைச் செயலிழக்கச் செய்யலாம். ஒவ்வாமை உள்ளவருக்கோ ஒரே கொட்டுகூடச் சில நிமிடங்களில் மூச்சை அடைத்துவிடலாம்.

இன்னொரு செய்தி: கடந்தை கொட்டும்போதும் நசுக்கப்படும்போதும் ஓர் எச்சரிக்கை வாசனை பரவுகிறது. அது கூட்டிலுள்ள மற்றவற்றைப் போருக்கு அழைக்கும் சங்கு. ஆகவேதான் கூட்டின் அருகே ஒரு கடந்தையை அடித்து நசுக்குவது பெரும் தவறு.

மற்ற மூன்று கேள்விகள்

*இரண்டாவது: கூடு எங்கே இருக்கிறது?* ஆள் நடமாடும் படிக்கட்டிலிருந்தும், துணி காயப்போடும் கொடியிலிருந்தும், சன்னலிலிருந்தும் எவ்வளவு தூரம்? வாசல் எந்தப் பக்கம்? பூச்சிகள் பறக்கும் பாதை நம் பாதையைக் குறுக்கே வெட்டுகிறதா? அருகில் மோட்டார் அதிர்கிறதா? அதிர்வு கூட்டைச் சீண்டும்.

*மூன்றாவது: அருகில் யார் இருக்கிறார்கள்?* குழந்தைகள், ஓட இயலாத முதியவர்கள், முன்பு குளவி கொட்டி மூச்சுத் திணறியவர்கள் இருக்கிறார்களா? கட்டிப்போட்ட மாடு, நாய் உண்டா? மனிதன் ஓடலாம்; கயிற்றில் கட்டிய மாடு எங்கே ஓடும்? தெருப்பிள்ளைகள் கல்லெறியும் இடமா?

*நான்காவது: கூட்டின் வயது என்ன?* எலுமிச்சை அளவா, தேங்காய் அளவா, பானை அளவா? நாளுக்கு நாள் வளர்கிறதா, நடமாட்டம் குறைந்துவருகிறதா?

முடிவு எடுப்போம்

மண் கூடு: விட்டுவிடலாம்.

திறந்த காகிதக் கூடு: கை எட்டாத உயரத்தில் இருந்தால் விட்டுவிடலாம், தோட்டத்துப் புழுக்களைக் குறைத்துத் தரும். கதவு நிலையிலோ தலை இடிக்கும் இடத்திலோ இருந்தால் பெரியவர்கள் அகற்றலாம்.

மலைத்தேனீ: உயரத்தில் இருந்தால் புகை, கல், பட்டாசு எதுவும் படாமல் காத்து, கிளம்பும்வரை பொறுக்கலாம். பள்ளி, மருத்துவமனை போன்ற இடம் என்றால் பழகியவர்களை அழைக்க வேண்டும்.

கடந்தைக் கூடு, எலுமிச்சை அளவு: இராணி மட்டுமே இருக்கும் நிலை. பழக்கமுள்ள பெரியவர் ஒருவர் உடல் முழுதும் மூடிக்கொண்டு இருட்டியபின் எளிதாக அகற்றிவிடலாம். அதனால்தான் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சன்ஷேடு அடியையும் மொட்டைமாடியையும் கண்ணால் சுற்றிப் பார்ப்பது நல்லது.

கடந்தைக் கூடு, பெரியது: வீட்டுச் சுவரில் இருந்தால் ஐயமே வேண்டாம். தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறைக்குச் சொல்ல வேண்டும். தொலைபேசி 101 அல்லது 112. ஆள் போகாத தோப்பில் உயரமான பனையில் இருந்தால் அதை அப்படியே விட்டு, பாதையை மாற்றிக்கொள்ளலாம்.

மாமாவின் மண்ணெண்ணெய்ப் பந்தம் ஏன் கூடாது? ஏணியில் நிற்பவர் முகத்தில் நாலு கடந்தை மோதினால் கீழே விழுவார். எரியும் கூடு துண்டு துண்டாக அவர் மேலேயே விழும். எஞ்சியவை வெளிச்சத்தை நோக்கிப் பறந்து வரும். வெளிச்சம் இருப்பது அவர் கையில்! பகலில் செய்தால் இரை தேடப் போனவை திரும்பிவந்து, கூடு இல்லாமல் அங்கேயே சீற்றத்தோடு சுற்றும். தீயணைப்பு வீரர்கள் பெரும்பாலும் இருட்டியபின் வருவதன் காரணம் இதுதான். அப்போது எல்லாம் கூட்டுக்குள் அடங்கியிருக்கும். இருளில் நன்றாகப் பறக்கவும் இயலாது.

அவர்கள் வரும்வரை அந்தப் பக்கச் சன்னல்களைச் சாத்துங்கள். அக்கம்பக்கத்தாருக்குச் சொல்லுங்கள். மாடு, நாயை அவிழ்த்து வேறிடத்தில் கட்டச் சொல்லுங்கள். வேலை நடக்கும்போது அந்தப் பக்க விளக்கை அணைத்துவிடுங்கள். மாணவர்களே, கூட்டை அகற்றுவது உங்கள் வேலை அன்று. அடையாளம் கண்டு பெரியவர்களுக்கு விளக்குவதே உங்கள் வேலை.

கொட்டிவிட்டால்

கையை வீசாதீர்கள். முகத்தையும் தலையையும் துணியால் மூடிக்கொண்டு, நிற்காமல் ஓடி, மூடிய அறைக்குள் நுழையுங்கள். தண்ணீரில் குதித்தால் தலை தூக்கும்வரை அவை மேலே காத்திருக்கும்.

மோதிரம், வளையல்களை வீக்கம் வருமுன் கழற்றுங்கள். சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, குளிர்ந்த துணி வையுங்கள். தேனீயாக இருந்து கொடுக்கு தங்கியிருந்தால் தாமதிக்காமல் எடுத்துவிடுங்கள். சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் எதுவும் தடவ வேண்டாம்.

மூச்சுத் திணறல், உடலெங்கும் தடிப்பு, வாந்தி, மயக்கம், முகத்திலோ தொண்டையிலோ கொட்டு, பத்துக்கு மேற்பட்ட கொட்டுகள்: இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மதுரையில் அரசு இராசாசி மருத்துவமனை இருக்கிறது. பாம்புக்கடிக்கு இருப்பதுபோல் கடந்தைக்கு விஷமுறிவு மருந்து நம் நாட்டில் இல்லை. ஒவ்வாமைக்கு அட்ரினலின் ஊசியும், சிறுநீரகம் பழுதானால் இரத்தச் சுத்திகரிப்பும்தான் உயிரைக் காக்கும். பல கொட்டுகள் பட்டவர் அன்று நன்றாக இருந்தாலும் ஓரிரு நாள் கவனிக்க வேண்டும். சிறுநீர் குறைந்தாலோ தேநீர்போல் கறுத்தாலோ தாமதிக்கக் கூடாது.

செய்து பாருங்கள்

1. மூடிய சன்னலுக்குப் பின்னால் இருந்து, ஏதேனும் ஒரு திறந்த குளவிக் கூட்டுக்கு ஒரு நிமிடத்தில் எத்தனை குளவிகள் வந்து சேர்கின்றன என்று எண்ணுங்கள். காலை, நண்பகல், மாலை மூன்று வேளையும் ஒரு வாரம் குறித்து, வரைபடம் போடுங்கள். எந்த வேளையில் நடமாட்டம் மிகுதி?

2. பெரியவர் ஒருவர் எடுத்துக் கொடுத்த, முற்றிலும் காலியான பழைய கூட்டின் உறையைக் கைக்கண்ணாடியால் பாருங்கள். வெவ்வேறு நிற வரிகள் தெரியும். ஒவ்வொரு வரியும் ஒரு நடைக்குக் கொண்டுவந்த கூழ். ஒரு விரற்கடைக்கு எத்தனை வரி? அப்படியானால் முழுக் கூட்டுக்கு எத்தனை நடை?

விடை கூறுங்கள்

1. கடந்தையை வண்டு என்று அழைப்பது ஏன் தவறு?
2. ஒரே கடந்தை பலமுறை கொட்ட முடிவது எப்படி?
3. கூட்டின் அருகே கடந்தையை நசுக்கக் கூடாது, ஏன்?
4. உங்கள் பள்ளி வேப்பமரத்தில், இருபதடி உயரத்தில், தேங்காய் அளவில் ஒரு மூடிய கூடு இருக்கிறது. கீழேதான் காலைக் கூட்டம் நடக்கும். நான்கு கேள்விகளையும் கேட்டு, தலைமை ஆசிரியருக்கு உங்கள் பரிந்துரையைக் காரணத்துடன் பத்து வரிகளில் எழுதுங்கள்.